மாப்ள, பாரு

ஹபீப் முகமது இறந்த செய்தி உங்களுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அது உங்கள் கைப்பேசிகளுக்கு அன்று மதியம் போனதில் எனக்கும் பங்கு உண்டு. எனக்கு எப்படி வந்தது என்பது உங்களில் யாருக்கும் தெரியாது. இந்த நினைவு மலரில் அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அன்று காலை பத்தே காலுக்கு வகுப்பில் இருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் புரோகிராமிங் பாடம் எடுக்கிறேன். பதினோரு வருடமாக அதே வேலை, இன்னும் ‘தற்காலிகம்’ என்ற பெயரில். மேசைமேல் கிடந்த கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. பார்த்தேன். முதலில் ‘ஹபீப் முகமது’ என்ற பெயர். கடைசியில் ‘மாப்ள, பாரு’ என்று இரண்டு சொற்கள். நடுவில் இருந்ததைப் படிக்கவில்லை.

மதுரையில் டீக்கடைக்காரர்கூட யாரையும் மாப்ள என்பார். ஆனால் என்னைப் பெயருக்குப் பதிலாகவே அப்படி அழைத்தவர் ஹபீப் பாய் ஒருவர்தான். பதினோரு வருடம் கழித்து இப்போதுதான் நினைவு வந்ததோ என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனிதர் முதலில் இறங்கி வந்துவிட்டார், இனி பதில் போடாமல் இருப்பது என் முறை என்கிற சந்தோஷம். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். இரண்டு மணி நேரம் அந்தச் சந்தோஷத்தோடுதான் இருந்தேன்.

சாப்பாட்டு இடைவேளையில் முழுவதும் படித்தேன். “பேர்: ஹபீப் முகமது. தெரு: பள்ளிவாசல் பின் சந்து. தொழுகை நேரம்: காலி. போய்ச்சொல்ல முடியல. மாப்ள, பாரு.” அனுப்பியது அவருடைய எண் அல்ல. அவர் தெருப் பள்ளிவாசலின் எண்.

பேர், தெரு, தொழுகை நேரம். அந்த மூன்றும் அந்த வரிசையில் எதற்காகக் கேட்கப்படும் என்பது எனக்குத் தெரியும். தெருவில் யாராவது இறந்தால் வெளியூரில் இருக்கும் உறவுகளுக்கெல்லாம் குறுஞ்செய்தி போக ஒரு புரோகிராம் வேண்டும் என்று பள்ளிவாசலில் கேட்டபோது, அதை எழுதியது நாங்கள் இருவரும்தான். மைக்கில் சொன்னால் தெருவுக்குக் கேட்கும். வில்லாபுரத்துக்குக் கேட்குமா, விருதுநகருக்குக் கேட்குமா? அதற்காக எழுதியது. உடனே அந்த எண்ணுக்கு அழைத்தேன். பாங்கு சொல்லும் மோதினார் எடுத்தார்.

“நான் கணேசன். ஹபீப் பாயோட முன்ன வேலை பார்த்தவன். எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு.”

“உங்களுக்கு வந்துருச்சா? யா அல்லா, ஊருக்கே போகலையே! காலையில இருந்து அமுக்குறேன், கல்லு மாதிரி நிக்குது. எப்பவும் பாய்தான் பக்கத்துல நின்னு இதத் தட்டு அதத் தட்டுன்னு சொல்லுவாரு. இப்ப அவரு மௌத்தாப் போனதுக்கே செய்தி போக மாட்டேங்குதுங்க.”

எனக்குச் செய்தி அப்படித்தான் வந்தது.

“எப்ப?”

“சுபுஹு தொழுதுட்டு வந்து நாற்காலியில உக்காந்தவரு. வீட்டம்மா டீயைப் போட்டு எடுத்துட்டு வந்து பார்த்தா, அம்புட்டுதான்.”

வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. தெரிந்த கேள்வியைக் கேட்டேன். “தொழுகை நேரம் போட்டீங்களா?”

“மகன் கோயம்புத்தூர்ல இருந்து வரணும்ல. ஜனாஸாத் தொழுகை மதியம் லுஹருக்கா சாயங்காலம் அஸருக்கான்னு அப்ப முடிவாகல. அந்த எடத்தச் சும்மா விட்டுட்டேன். பத்தரைக்கு முடிவாயிருச்சு, அஸருக்குப் பின்னன்னு.”

“முடிவானதும் போட்டீங்களா?”

“அதுவும் போடணுமா?”

“போடுங்க. அது காலியா இருந்தா போகாது. போட்டுட்டு அமுக்குங்க.”

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவது கேட்டது. பிறகு அந்தப் பக்கம் பல கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிப்பது கேட்டது. “போயிருச்சுங்க, போயிருச்சு!” என்று கத்தினார். அவருடைய குரலில் இருந்த மகிழ்ச்சி அவருக்கே கேட்டிருக்க வேண்டும். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

நான் பத்தே காலுக்கே படித்திருந்தால் பத்தரைக்கே அது போயிருக்கும். தூரத்து ஊர்களிலிருந்து வந்த இருவர், முகம் பார்க்கக் கிடைக்கவில்லை, கபரில் மண் போட மட்டும்தான் கிடைத்தது என்று அன்று மாலை என்னிடமே சொல்லி வருந்தினார்கள். அவர்களிடம் நான் காரணம் சொல்லவில்லை. இந்த மலர் அவர்கள் கைக்கும் போகும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆரப்பாளையத்தில், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. முதலாளி ரத்தினம் சார். புரோகிராம் எழுதுவது நாங்கள் இரண்டு பேர். எதிரெதிரே இரண்டு மேசைகள், நடுவில் ஒரு மின்விசிறி. அது யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் எங்களுக்குள் தினமும் தகராறு. நான் நல்ல கல்லூரியில் முதுகலை படித்தவன். அவர் தபாலில் பட்டம் வாங்கியவர். இதை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும்படி நடந்துகொண்டேன்.

ஃபங்ஷன் என்பது பெயர் வைக்கப்பட்ட ஒரு வேலை. அதைச் செய்ய என்னென்ன வேண்டுமோ, அவற்றை ஆர்கியூமென்ட் என்போம். ஹபீப் பாய் அதைச் சாமான் என்பார். வேலைகளுக்கு அவர் வைக்கும் பெயர்களும் இந்த ஊர்ப் பெயர்களாகத்தான் இருக்கும். செய்தி அனுப்பும் ஃபங்ஷனுக்குப் ‘போய்ச்சொல்லு’ என்று பெயர். ஒரு வேலையை வாங்கி வைத்துக்கொண்டு, உரிய நேரம் வரும்வரை காத்திருந்து அதை நடத்தும் ஃபங்ஷனுக்குப் ‘பொறுத்துச்செய்’. நாலு பேர் பார்க்கும் புரோகிராம், ஆங்கிலத்தில் பெயர் வைத்தால்தான் மதிப்பு என்று நான் ஒருநாள் பிடிவாதம் பிடித்தேன்.

“தப்பு வந்தா நீ எந்தப் பாஷையில திட்டுவ மாப்ள?” என்றார்.

“தமிழ்லதான்.”

“அப்பப் பேரும் அதுலயே இருக்கட்டும். கூப்புட்டுத் திட்ட வசதி.”

பொறுத்துச்செய்யை எழுத நாங்கள் மூன்று வாரம் எடுத்துக்கொண்டோம். ரத்தினம் சாருக்கு அது பிடிக்கவில்லை. தானாக ஒன்றும் செய்யாமல், இன்னொரு ஃபங்ஷனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒன்றுக்கு மூன்று வாரமா என்று கேட்டார். ஹபீப் பாய் அவரைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன்.

“சார், இப்ப மாஸ்டர்கிட்ட நான் என்ன சொல்றேன்? எங்க அண்ணன் பஸ்ஸ விட்டு இறங்குவாரு, இறங்குனதும் ஒரு டீ போடுங்க, சீனி கம்மி. டீ போடுறது வேலை. சீனி கம்மிங்கிறது அதுக்குச் சாமான். ரெண்டையும் மாஸ்டர்கிட்ட ஒப்படைச்சாச்சு. எப்பப் போடணும்கிறது மாஸ்டர் பாடு. சரியா? அதுக்குப் பதிலா, இப்பவே ஒரு டீயப் போடச்சொல்லி அந்தக் கிளாஸ அவரு கையிலேயே குடுத்து, அண்ணன் வந்தாக் குடுங்கன்னா?”

“ஆறிப்போகும்” என்றார் ரத்தினம் சார்.

“அம்புட்டுதான் சார். டீய ஒப்படைக்கக் கூடாது. டீ போடுறத ஒப்படைக்கணும். அதுக்குத்தான் மூணு வாரம்.”

இதற்குள் மாஸ்டர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “ஏன் பாய், அண்ணன் எந்த பஸ்ல வாராரு? தேனி பஸ்ஸுன்னா இந்நேரம் வந்திருக்கணுமே?”

ரத்தினம் சார் சிரித்து நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று. அன்றே ஹபீப் பாய் இன்னொன்றும் சொன்னார். மேலே ஏறும்போது என்னிடம் சொன்னது. “செய்யலன்னு சொல்ற ஃபங்ஷனோட குடும்பம் நடத்திரலாம் மாப்ள. செய்யாமலே செஞ்சிட்டேன்னு சொல்ற ஃபங்ஷன் இருக்கு பாரு, அதோட முடியாது.”

அவர் குறைகளையும் எழுத வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் என்னைத் திருத்துவார். என் தயிர்சாதத்தில் கேட்காமல் கை வைப்பார். எல்லாவற்றையும்விட, நெருக்கடி வரும் நிமிடத்தில் பேச்சற்றுப் போவார். மற்ற நேரமெல்லாம் ஓயாத வாய் அந்த நேரத்தில் மட்டும் திறக்காது. அந்தக் குறைதான் எங்களைப் பிரித்தது. அல்லது, அப்படித்தான் பதினோரு வருடம் நம்பியிருந்தேன்.

என் சொந்த ஊர் பரவைக்குப் பக்கம். அந்தப் பகுதியில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையை வாடிக்கையாகக் கொண்டுவந்தவன் நான். சரக்குக் கொண்டுவரும் விவசாயிகளுக்குக் கடை திறப்பு, விடுமுறை பற்றிச் செய்தி அனுப்ப வேண்டும். ஒரு நாள் சுமை தூக்குகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்வதாகப் பேச்சு. ‘நாளை கடை இல்லை, சரக்கு கொண்டுவர வேண்டாம்’ என்று கடைக்காரர் முன்கூட்டியே தட்டி வைத்தார். வேலைநிறுத்தம் உறுதியானால் பொத்தானை அமுக்குவார், அதன்பிறகு செய்தி போகும். அதுவரை பொறுத்துச்செய் அதை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த வேலைக்கான வரியை முந்தின வாரம் ஹபீப் பாய் தட்டியதை நான் பார்த்தேன். போய்ச்சொல்லு என்று பெயரை மட்டும் எழுதி, சாமான்களை அதற்குப் பக்கத்தில் தனியாக வைத்தால் வேலை ஒப்படைக்கப்படும். பெயரோடு ஒட்டி ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டு, சாமான்களை அதற்குள் வைத்துவிட்டால், வேலை அங்கேயே அப்போதே நடந்துவிடும். ஒப்படைக்க மிஞ்சுவது வெறுங்கை. டீக்கடையில் அவ்வளவு விளக்கமாகச் சொன்ன மனிதர் டீயைப் போட்டே கொடுத்துவிட்டார். கடைக்காரர் தட்டி வைத்த அந்த நொடியே செய்தி எல்லா விவசாயிகளுக்கும் போய்விட்டது. சாயங்காலம் வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. மறுநாள் கடை திறந்திருந்தது, சரக்கு இல்லை. பறிக்காமல் விட்ட தக்காளிமேல் இரண்டு நாள் மழை பெய்தது.

இங்கே ஒன்றை எழுத வேண்டும். இதுவரை யாரிடமும் நான் சொல்லாதது. பொறுத்துச்செய்யின் முதல் வரி நான் எழுதியது. கையில் கொடுக்கப்பட்டது வெறுமையாக இருந்தால் சத்தம் போடாமல் திரும்பிப் போய்விடு என்பது அந்த வரி. பிழைச்செய்தி வந்தால் வாடிக்கையாளர் பயப்படுகிறார் என்று ரத்தினம் சார் சொன்னதால் அப்படி எழுதினேன். அந்த வரி இல்லாதிருந்தால், சோதித்துப் பார்த்த அன்றே புரோகிராம் நின்று, வெறுங்கையைக் கொடுத்திருக்கிறாய் என்று காட்டிக்கொடுத்திருக்கும். அடைப்புக்குறி அவருடையது. அதை மூடி மறைத்த அமைதி என்னுடையது.

தக்காளி போட்டிருந்த என் பெரியப்பா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, கமிஷன் கடைக்காரரும் ரத்தினம் சாரும் ஹபீப் பாயும் இருக்கும்போதே கேட்டார்.

“ஏன்டா, ஃபேன் காத்துல உக்காந்துக்கிட்டுக் கொண்டாராதன்னு ஒரு மெசேஜு. செடியில இருக்க தக்காளிக்கு யாருடா மெசேஜ் அனுப்புறது, வெடிக்காதன்னு?”

கமிஷன் கடைக்காரர் ரத்தினம் சாரைப் பார்த்தார். ரத்தினம் சார், “யாரு எழுதுனது இத?” என்றார்.

ஹபீப் பாய் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஹபீப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லியிருக்கலாம். அவர் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். மின்விசிறி அவர் பக்கம் போய், என் பக்கம் வந்து, மறுபடி அவர் பக்கம் போனது. “சரி கணேசா, நாளையில இருந்து நீ வரவேணாம்” என்றார் ரத்தினம் சார். வாடிக்கையாளர் என் ஊர்க்காரர், வந்து நிற்பவர் என் பெரியப்பா. அதனால் தவறும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த அறையில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஹபீப் பாய் இரண்டு முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை. பிறகு அவர் அழைக்கவில்லை. ஊரில் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினேன். போனால் யாராவது தக்காளி விலையைக் கேட்பார்கள். வேறு நல்ல வேலை கிடைக்கவில்லை. மதுரையில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள், கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். வில்லாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போன கதை இந்த மலருக்கு வேண்டாதது. கைப்பேசி எண்ணையும் மாற்றினேன். மாற்றியதை யாருக்கும் தேடிப்போய்ச் சொல்லவில்லை. ஊரில் ஓரிருவருக்கு மட்டும் தெரியும்.

ஒவ்வொரு வருடமும், ஒரு ஃபங்ஷனையும் அதன் ஆர்கியூமென்ட்களையும் இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுப்பது எப்படி என்ற பாடம் வரும். ஒவ்வொரு வருடமும் ஹபீப் பாயின் டீயைத்தான் சொல்வேன். அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்குவார், சீனி கம்மி. வகுப்பு சிரிக்கும். அது யார் சொன்னது என்று பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு இது ஈடு என்று வைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து கபரஸ்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ரத்தினம் சார் வந்தார். கைத்தடி வந்திருந்தது. என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “கணேசனா?” என்றார்.

“ஆமா.”

“நீ வந்தது நல்லது. அவன் உம்மேல உசுரா இருந்தான்யா.”

எனக்குக் கோபம் வந்தது. அந்த இடத்தில் அதை அடக்கியிருக்க வேண்டும். “உசுரா இருந்தவரு அன்னைக்கு வாயத் தொறந்திருக்கலாமே” என்றேன்.

அவர் தடியை இடக்கைக்கு மாற்றினார். “மறுநாளே வந்து சொல்லிட்டானேய்யா. நான்தான் சார் அந்த பிராக்கெட்டப் போட்டேன், மாப்ளயக் கூப்புட்டு வேலையக் குடுங்க, நான் கூப்புட்டா எடுக்க மாட்டேங்குறான், நீங்க போய்ச் சொல்லுங்கன்னான்.”

“எனக்கு யாரும் சொல்லலயே.”

“நீ வந்தா சொல்லலாம்னு இருந்தேன். நீ வரவே இல்ல.”

“வரவேணாம்னு சொன்னவரு நீங்க.”

நான் விடவில்லை. “அவரு திரும்பக் கேக்கலயா உங்ககிட்ட?”

“கேட்டான். ரெண்டு மூணு தடவ. சொல்லிட்டீங்களா சார்னு.”

“என்ன சொன்னீங்க?”

ரத்தினம் சார் தரையைப் பார்த்தார். “ம்முன்னேன்.”

இதை அவருடைய வயதைக் கருதி விட்டுவிடலாம் என்று இந்த மலரைத் தொகுப்பவர்கள் என்னிடம் சொன்னார்கள். விட மாட்டேன். ஒரு மனிதர் தம்மிடம் இருந்த ஒரே முக்கியமான வார்த்தையை, போய்ச் சொல்லச் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்தார். வாங்கிக்கொண்டவர் அதைச் சொல்லாமலே, சொன்னதாகச் சொன்னார். ஹபீப் பாய் வாழ்க்கையில் ஒருமுறை, ஒப்படைக்க வேண்டிய வேலையை அவசரப்பட்டு அங்கேயே நடத்திவிட்டார். இன்னொருமுறை, தானே நடத்த வேண்டிய வேலையை ஒப்படைத்துவிட்டார். முதல் பிழைக்குத் தக்காளி போனது. இரண்டாவதற்கு என்ன போனது என்று நான் கணக்கிட விரும்பவில்லை. ரத்தினம் சாரை நான் மன்னிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஹபீப் பாய் வீட்டுக்குப் போனேன். பள்ளிவாசலில் அந்தப் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருந்தார்கள். லேப்டாப் வீட்டில் இருந்தது. அவர் மனைவி, கணவர் இறந்தபின் தனித்திருக்கும் இத்தாவில் இருந்ததால் உள் அறையில், திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து பேசினார். மகன் ரியாஸ் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். அந்த நாற்காலிதானா என்று நான் கேட்கவில்லை.

“அன்னைக்குக் காலையில அவரு போனு டிங்கு டிங்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சுண்ணே” என்றார் உள்ளே இருந்து. “அலமாரியில இருந்துச்சு. யாரு எடுப்பா? அழுகையில யாரும் கவனிக்கல.”

அது எதற்காக அடித்தது என்பது லேப்டாப்பைத் திறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்பு நான் கேட்க வேண்டிய ஒன்று இருந்தது.

“என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைச்சதுன்னு தெரியுமாம்மா?”

“பரவையிலதான். ஞாயித்துக்கிழம ஆனா காய் வாங்க அங்க போவாரு. இங்கன இல்லாத கத்திரிக்காயா அங்க காய்க்குதுன்னு சண்ட போடுவேன். உங்க ஊர் ஆளுக யாரையாச்சும் பார்த்து உங்களப் பத்திக் கேட்டுட்டு வருவாரு. ஒரு நா வந்து, மாப்ள நம்பர மாத்திட்டான், புடிச்சிட்டேன்னாரு.”

“அப்பக் கூப்புட்டிருக்கலாமே.”

“நானும் அதத்தான் கேட்டேன். சொல்ல வேண்டியத சார்கிட்ட சொல்லிவிட்டாச்சு, அவனுக்குத் தெரியும்னாரு. தெரிஞ்சும் வரலைன்னா இன்னும் மனசு ஆறலைன்னு அர்த்தம், ஆறட்டும், நாமளா போய் நிக்கக் கூடாதுன்னாரு.”

ரியாஸ் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் டீ இருந்தது. நான் குடிக்கத் தொடங்கும் முன்பே அது ஆறியிருந்தது.

பொறுத்துச்செய்யைத் திறந்தேன். முதல் வரி என்னுடையது அல்ல. அதை அவர் எடுத்துவிட்டிருந்தார். அந்த இடத்தில் வேறு எழுதியிருந்தார். ஒப்படைத்த வேலையிலோ சாமானிலோ எது வெறுமையாக இருந்தாலும், முதலில் ஹபீபுக்குப் போய்ச்சொல்லு. அரை மணி நேரத்தில் அங்கிருந்து பதில் வராவிட்டால், மாப்ளைக்குப் போய்ச்சொல்லு. மாப்ள என்ற பெயருக்கு எதிரே என் புதிய எண் இருந்தது. இத்தனை வருடமும் ஏதாவது விடுபட்டபோதெல்லாம் அவர் அரை மணி நேரத்துக்குள் பதில் கொடுத்துவிட்டார். அதனால்தான் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு நாள் அவர் பதில் கொடுக்கவில்லை. அன்று வந்தது.

அந்த வரிகளுக்கு மேலே, புரோகிராமைப் படிப்பவருக்காக ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ‘சத்தமில்லாமத் திரும்பக் கூடாது.’ அது புரோகிராமைப் பற்றியது. அப்படித்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி அந்தப் புரோகிராமுக்கு நான்தான் பொறுப்பு. மோதினாருக்கு ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். இந்த வருடம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது, டீ ஹபீப் முகமது என்பவர் சொன்னது என்று முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்கினேன். யார் சார் அது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

பொறுத்துச்செய்யில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டியிருந்தது. தவறு நேர்ந்தால் முதலில் தெரிய வேண்டியது இனி எனக்கு. அதனால் முதல் இடத்தில் என் எண்ணைப் போட்டேன். அடுத்த இடத்தில், எனக்குப் பதில் கொடுக்க முடியாமல் போகிற நாளில் யாருக்குத் தெரிய வேண்டும் என்று போட வேண்டும். அதைக் காலியாக விட்டுப் பார்த்தேன். புரோகிராம் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் எழுதியதல்லவா, எந்த இடத்தையும் வெறுமையாக விட அனுமதிக்காது. என் கைப்பேசியில் இருக்கும் பெயர்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். கேஸ் ஏஜென்சி, கல்லூரி அலுவலகம், தண்ணீர் கேன், வீட்டுக்காரர், கல்லூரி அலுவலகத்தின் இன்னொரு எண். மறுபடியும் ஒருமுறை பார்த்தேன்.

பிறகு ரியாஸுக்கு அழைத்து, அத்தாவின் போனை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அலமாரியில்தான் இருக்கிறது, அம்மா தினமும் சார்ஜ் போடுகிறார், அணைக்க மனமில்லை என்றார். அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

“இருக்கட்டும்ணே” என்றார் அவர். “அடிச்சா நான் பார்த்து மோதினாருக்கு ஆள் விடுறேன்.”

ஹபீப் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த எண்ணைத்தான். இரண்டாவது இடத்தில் அதைப் போட்டிருக்கிறேன். ஒருநாள் என்னிடமிருந்து அரை மணி நேரம் பதில் வராமல் போனால், அவர் வீட்டு அலமாரியில் அவருடைய போன் அடிக்கும். போகிற செய்தியின் கடைசி இரண்டு சொற்களை நான் மாற்றவில்லை.